லாரிக்குப் புது நம்பர்

அலுவலகத்தில் அவரைப் புதுசு என்பார்கள். நேரில் "புதுசு சார்", முதுகுக்குப் பின்னால் வெறும் புதுசு. பெயர் வைத்தவருக்கு நாக்கில் கொஞ்சம் விஷம் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த மனிதரிடம் புதியது என்று சொல்ல ஒரு துரும்பு கிடையாது. செருப்புக்கு அடிப்பாகம் மாற்றி மாற்றி, வாங்கியபோது இருந்ததில் வார் மட்டும்தான் மிச்சம். கைபேசிக் கண்ணாடியின் விரிசலை ஒட்டுநாடா பிடித்து வைத்திருந்தது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று மனைவி சொன்னால், "அது பாட்டுக்குச் சொட்டட்டும், நம்மள என்ன பண்ணுது?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் கீழே ஒரு வாளி வைப்பார். அதோடு அவர் கடமை முடிந்தது.

இப்படிப்பட்டவருக்குப் பிழைப்பு எங்கே அமைந்தது என்றால், புதுப்பிப்பதையே வேலையாக வைத்திருக்கிற இடத்தில். ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், மென்பொருள் நிறுவனம் ஒன்று. அதில் கருவிப் பிரிவு. பிரிவு என்றதும் ஏதோ பட்டாளம் என்று நினைக்க வேண்டாம். பிரிவும் அவர்தான், அதன் பொறுப்பாளரும் அவர்தான், அதில் தவறு நடந்தால் திட்டு வாங்குகிறவரும் அவரேதான்.

அவர் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு கருவி. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் வேலை செய்யும் ரகம். அதில் படம் கிடையாது, அமுக்கப் பொத்தான் கிடையாது. பெயரைத் தட்டி, என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்தில் தட்டி, என்டர் அடித்தால் செய்யும். பொறியாளர்கள் எழுதியதையெல்லாம் மூட்டை கட்டி, எங்கோ இருக்கும் சர்வரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வரும். அதன் உண்மைப் பெயர் வாயில் நுழையாது என்பதால் ஆபீசில் அதை லாரி என்றார்கள். லாரி ஓடவில்லை என்றால் அந்த ஆபீசில் யாருக்கும் வேலை ஓடாது.

லாரியைச் செய்தவர்கள் உலகத்தின் மூலைமுடுக்கில் உட்கார்ந்து, சம்பளம் வாங்காமல் ஆசைக்குச் செய்கிறவர்கள். அதனால் அவர்களுக்கு ஓய்வு என்பதே தெரியாது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது புதுப் பதிப்பு விடுவார்கள்; பெரும்பாலும் புள்ளி வைத்த குட்டி நம்பர், நாலைந்து மாதத்துக்கு ஒருமுறைதான் முழு நம்பர் ஏறும். விட்ட மறுநாள் லாரியைத் தட்டிய ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு மஞ்சள் வரி வரும்: "புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளவும்." பொறியாளர்கள் யாரும் அதைப் படித்ததில்லை. படித்து, எல்லாக் கணினியிலும் ஏற்ற வேண்டியது புதுசின் வேலை.

ஏற்றினாரா என்று பார்க்க ஒரு பலகை இருந்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவர் நிறைய ஒரு திரை. ஆபீசில் இருக்கிற ஒவ்வொரு கணினிக்கும் அதில் ஒரு கட்டம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்தத் திரை ஒவ்வொரு கணினியையும் கூப்பிட்டு, "உன் லாரி என்ன நம்பர்?" என்று கேட்கும். கடைசியாக வெளிவந்த பதிப்பின் நம்பரைச் சொன்னால் கட்டம் பச்சை. பழைய நம்பரைச் சொன்னால் சிவப்பு. வருகிற வாடிக்கையாளர்கள் அந்தப் பச்சையைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அது எதற்கான பச்சை என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

பலகையை மாட்டியவர் மேலாளர். அவருக்கு ஆபீஸ் வைத்த பெயர் சிக்னல். மனிதர் எதையும் படிக்க மாட்டார், நிறம் பார்ப்பார். நாற்பது பக்க அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "இதுல பச்சை எவ்வளவு, சிவப்பு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். எழுத்து என்பது சின்ன உத்தியோகக்காரர்களின் சமாசாரம் என்பது அவர் கொள்கை.

ஆறாம் பதிப்பு வரை லாரிக்கும் பலகைக்கும் சண்டை வரவில்லை. ஏழாம் பதிப்பு வந்தது. புதுசு வழக்கம்போலக் காலையில் எல்லாக் கணினியிலும் ஏற்றினார். லாரி படுத்துவிட்டது. எதை எங்கே இறக்க வேண்டும் என்று லாரிக்குச் சொல்கிற அமைப்புக் கோப்பை ஏழாம் பதிப்புக்கு வேறு மாதிரி எழுதியிருக்க வேண்டுமாம். செய்தவர்கள் அதை மறைக்கவில்லை, வெளியீட்டுக் குறிப்பில் எழுதித்தான் இருந்தார்கள். 'சில சிறு மாற்றங்கள்' என்ற தலைப்பின் கீழ், ஒரு எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கும் யாரோ ஒருவருக்குச் சொன்ன நன்றிக்கும் நடுவில் எழுதியிருந்தார்கள்.

அன்று மத்தியானம் ஒரு வாடிக்கையாளருக்குச் செய்துகாட்ட வேண்டிய வேலை நின்றுபோயிற்று. பக்கத்து வரிசையில் அவசரம் என்று ஒரு பொறியாளர், காபியைக்கூட நடந்துகொண்டே குடிப்பவர். அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஓடிட்டிருந்த வண்டியை யாரு சார் நோண்டச் சொன்னது?" என்று கத்தினார். சிக்னல் எல்லாரையும் உட்கார வைத்து, புதுசை மட்டும் நிற்க வைத்து விசாரித்தார். நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த அவமானம் அவருக்கு எலும்புவரை இறங்கியது.

ஓடிப்போய்ப் பழையபடி ஆறாம் பதிப்பையே போட்டார். லாரி கிளம்பியது. பலகை மொத்தமும் சிவந்தது. சிக்னல் மறுபடியும் கூப்பிட்டார்.

"என்ன சார் இது, சுவர் பூரா சிவப்பா இருக்கு?"

"புதுசு போட்டா வேலை நிக்குது சார். பழசு போட்டா போர்டு சிவக்குது. அமைப்புக் கோப்பை உக்காந்து சரி பண்ணணும், கொஞ்சம் நாள் வேணும்."

"வேலையும் நிக்கக் கூடாது, போர்டும் சிவக்கக் கூடாது. அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அன்று சாயங்காலம் புதுசு பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினார். அது லாரிக்கு முன்னால் வாசல்காவலாளி மாதிரி நிற்கும். மூட்டை ஏற்று, இறக்கு என்று யாராவது வந்தால் பேசாமல் உள்ளே விட்டுவிடும். "என்ன நம்பர்?" என்று யாராவது கேட்டால் மட்டும் லாரியை வாய் திறக்க விடாது, தானே பதில் சொல்லிவிடும். லாரி செய்கிறவர்களின் இணையப் பக்கத்தை ஒரு எட்டு எட்டிப் பார்த்து, அன்றைக்கு எது கடைசி நம்பரோ அதைச் சொல்லும். மஞ்சள் வரியையும் அதுவே விழுங்கிவிடும்.

அதை எல்லாக் கணினியிலும் போட்டார். பலகை முழுக்கப் பச்சையாயிற்று. ஒரு வாரத்துக்குத்தான் இது, அதற்குள் அமைப்புக் கோப்பைச் சரிசெய்துவிடலாம் என்று மனதார நினைத்தார். மனதார நினைத்ததெல்லாம் நடந்துவிட்டால் அந்தக் குழாய் என்றைக்கோ சொட்டுவதை நிறுத்தியிருக்கும். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

உள்ளதைச் சொன்னால், அவர் எழுதியதிலேயே அழகானது அந்தக் காவலாளிதான். மற்றதெல்லாம் மாதம் ஒரு தடவையாவது மல்லாந்து படுக்கும். இது ஒரு நாள் படுத்ததில்லை. வேலை செய்கிற பொருளுக்குத்தான் பழுது வரும், பதில் மட்டும் சொல்கிற பொருளுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

அதோடு விட்டாரா? புது நம்பர் வெளிவரும்போதெல்லாம் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்புவார்: "லாரி புதிய பதிப்புக்கு மாற்றப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி." வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பதில்கள் வந்தன. "இப்ப நல்லா வேகமா இருக்கு சார்" என்று இரண்டு பேர் எழுதுவார்கள். அவசரம் மட்டும் நேரில் வந்து, "புதுசு போட்டதுலேர்ந்து கொஞ்சம் இழுக்குது சார், பழசே தேவலாம்" என்பார். புதுசு யோசிக்கிற மாதிரி தாடையைத் தடவிக்கொண்டு, "பாக்கறேன்" என்பார். ஒன்றும் பார்க்காமல் ஒரு மணி நேரம் கழித்து, "சரி பண்ணிட்டேன், இப்ப பாருங்க" என்பார். அவசரம் பார்த்துவிட்டு, "ஆங், இப்ப பரவாயில்ல" என்று கட்டைவிரலை உயர்த்துவார்.

எப்போதாவது யாராவது வெளியீட்டுக் குறிப்பைப் படித்துத் தொலைத்துவிடுவார்கள். "புதுப் பதிப்புல அனுப்பினதைத் திரும்ப எடுக்கலாம்னு போட்டிருக்கே சார், நமக்கு வரலையே?"

"நம்ம ஆபீஸ்ல அதை அடைச்சு வச்சிருக்கு."

"ஓ, சரி சார்."

அவ்வளவுதான். ஒரு வசதி இருக்கிறது என்றால்தான் அந்த ஆபீசில் காரணம் கேட்பார்கள். இல்லை என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இரண்டு வருஷம் ஒரு கட்டம்கூடச் சிவக்காத பிரிவு என்று அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டவர் மாமியார். குளிர்பதனப் பெட்டியின் தலையில் துணி விரித்து அதை நிறுத்தி, வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம், "எங்க மாப்பிள்ளை கை பட்டாப் போதும், எதுவும் பழசாகாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கும்போது புதுசுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் துணியை வாரா வாரம் தட்டி விரித்தவரும் அதே புதுசுதான்.

கேடயத்துக்குப் பின்னால் இன்னும் பெரியது ஒன்று வந்தது. தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்துக் கருவித் தலைவர் என்று ஒரு பதவி போடப்போகிறது. அதற்கு முன் இந்தப் பச்சைப் பலகையை நேரில் பார்க்க ஆள் வருகிறார்கள். "உங்களுக்குத்தான் சார், பாதி முடிஞ்ச மாதிரி" என்றார் சிக்னல். புதுசுக்கு அதில் ஆசை இல்லை என்று சொன்னால் பொய். கதவு போட்ட தனி அறையில், யாரும் நிற்க வைத்துக் கேள்வி கேட்க முடியாத நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அவர் கனவே கண்டுகொண்டிருந்தார்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள்தான் அந்த அறிவிப்பு வந்தது.

லாரியைச் செய்தவர்கள் எழுதியிருந்தார்கள். பழைய பதிப்புகளில் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறோம். மூட்டையை இறக்கும்போது சர்வருக்குள் நுழைகிற கடவுச்சொல்லை, அன்றன்றைய நடவடிக்கைக் குறிப்பில் லாரி அப்படியே எழுதி வைத்துவிடுகிறது. குறிப்பைப் பார்க்க முடிந்த எவருக்கும் சாவி கிடைத்த மாதிரி. கடைசிப் பதிப்பில் அடைத்துவிட்டோம். தெரிந்தவர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், உடனே மாறுங்கள்.

புதுசின் ஆபீஸ் யாருக்கு வேலை செய்தது என்றால், ஊர் முழுக்கக் கிளை போட்டிருக்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு. அந்தச் சாவியைப் போட்டுத் திறந்தால் லட்சம் பேருடைய பரிசோதனை முடிவு உள்ளே இருக்கும். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கருச்சிதைவு, யார் வீட்டிலும் சொல்லாமல் எதற்குச் சோதித்துக்கொண்டார் எல்லாமே. நடவடிக்கைக் குறிப்பையோ ஆபீசில் மட்டுமல்ல, வெளியே ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கிறவர்களும் திறக்கலாம். 

அவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் சிக்னலின் மின்னஞ்சல் வந்துவிட்டது. பரிசோதனைக் கூடத்துக்கும் நகல் போயிருந்தது. "நாம் எப்போதும் கடைசிப் பதிப்பில் இருக்கிறோம் என்பதால் நமக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆதாரமாகப் பலகையின் படம் இணைக்கப்பட்டுள்ளது. கருவிப் பிரிவுக்குப் பாராட்டுகள்." படத்தில் பச்சை பளபளத்தது.

சத்தம் போடாமல் இன்றைக்கே மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார். லாரிக்கே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தெரியும், அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. தன் கணினியில் அதைத் தட்டினார். பதில் வந்தது: "தாங்கள் ஏற்கெனவே கடைசிப் பதிப்பில் இருக்கிறீர்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை."

புரியவே அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புதுப்பிக்கும் முன் லாரி, "இப்போது என்ன நம்பர்?" என்று கேட்கிறது. வாசலில் நின்ற காவலாளி அதனிடமும் கடைசி நம்பரைச் சொல்லிவிடுகிறான். மேலாளரை ஏமாற்றலாம், வாடிக்கையாளரை ஏமாற்றலாம். லாரியையே லாரி பற்றி ஏமாற்றி வைத்த ஆள் உலகத்தில் தான் ஒருவராகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. சிரிப்பு வந்தது, கூடவே வியர்த்தது.

காவலாளியைத் தூக்கினால்தான் வழி. தூக்கினாலும் ஒரே தாவில் ஆறிலிருந்து கடைசிப் பதிப்பான பன்னிரண்டுக்குப் போக முடியாது. ஏழு, எட்டு, ஒன்பது என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும், ஒவ்வொரு படியிலும் அமைப்புக் கோப்பைத் திருத்த வேண்டும். ஏறி முடிக்கும்வரை ஒவ்வொரு கணினியும் பலகையிடம் தன் உண்மை நம்பரைச் சொல்லும். அதாவது, பாதி நாளுக்குச் சுவர் முழுக்கச் சிவப்பு. வேலை நேரம் முடிந்தபின் செய்யலாம் என்றால், போகும்போது கணினியை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். அணைந்த கணினியில் எதை ஏற்றுவது?

ஒரு நாள்தானே, வருகிறவர்கள் வந்துவிட்டுப் போகட்டும், நாளை மறுநாள் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே, "என்ன ஆச்சு?" என்றாள். நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸைத் தள்ளி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். இரண்டு வருஷக் கதையை முதன்முறையாக வாய்விட்டு ஒருவரிடம் சொன்னார். சொல்லும்போது அது அவருக்கே அசிங்கமாகக் கேட்டது.

"லைசென்சுக்குச் சர்டிபிகேட் வாங்க எங்க கடைக்கு டிரைவருங்க வருவாங்க," என்றாள் அவள். "முன்னாடி வந்துட்டுப் போனவன்கிட்ட கேட்டு, அந்த எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்களும் இருப்பாங்க. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிப்பாங்க. நான் பலகையை மாத்தினா முழிப்பாங்க."

"சரி."

"என்ன சரி? மாத்தலைன்னா அவன் சர்டிபிகேட் வாங்கிட்டு ஜாலியாப் போயிடுவான். எதிர்ல ரோட்டக் கடக்கறவன்தான் போய்ச் சேருவான்!" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "எங்கம்மா சுகர் டெஸ்ட் அந்த லேப்லதானே? நான் போன வருஷம் போனதும் அங்கதானே? அதுல என்ன இருக்குன்னு நான் உங்களைத் தவிர யார்கிட்டயும் சொல்லல."

புதுசு தலையைக் குனிந்துகொண்டார்.

"வேலை போனாப் போகட்டும். என் சம்பளம் இருக்கு, பாத்துக்கலாம்."

"வேலை பத்தி இல்ல. பேரு போயிடும்."

"எந்தப் பேரு? புதுசா?"

 அவள் மறுபடியும் பீன்ஸை இழுத்துக்கொண்டாள். அவ்வளவு வேகமாக அவள் காய் நறுக்கி அவர் பார்த்ததில்லை.

மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் ஆபீசுக்குப் போனார். தன் கணினியில் மட்டும் காவலாளியைத் தூக்கினார். ஏழாம் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பை எடுத்து, இரண்டு வருஷமாகத் திறக்கப் பயந்த அமைப்புக் கோப்பைத் திறந்தார். மாற்ற வேண்டியிருந்தது இரண்டே வரி. மாற்றினார். லாரி பூனைக்குட்டி மாதிரி சத்தமில்லாமல் கிளம்பியது. இதற்காகவா இரண்டு வருஷம்? சந்தோஷம் வரவில்லை, தன் தலையிலேயே நறுக்கென்று ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் தொலைபேசி அடித்தது. "சார், போர்டுல ஒரு கட்டம் சிவப்பா இருக்கு. உங்களோடதுதான்," என்றார் சிக்னல்.

நேரே அவர் அறைக்குப் போனார். சிக்னல் புதுச் சட்டையில், வருகிறவர்களுக்குக் காட்டப்போகிற படங்களை ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுசு நின்றபடியே சொன்னார். பலகை காட்டுகிற பச்சை பொய், ஆபீஸ் முழுக்க ஓடுவது ஆறாம் பதிப்பு, ஓட்டை நம்மிடமும் இருக்கிறது, இப்போதே மாற்ற வேண்டும்.

சிக்னலுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. ஒரு நொடி அவர் முகம் வெளுத்தது. பிறகு கையை உயர்த்தினார்.

"இதை நீங்க எனக்குச் சொல்லல. நான் கேக்கல."

"சார், லட்சம் பேரோட..."

"நாளைக்குச் சொல்லுங்க, நாளைக்குக் கேக்கறேன். இன்னிக்கு அந்த ஒரு கட்டத்தை மட்டும் பச்சையாக்கிடுங்க, போங்க."

புதுசு தன் இடத்துக்குத் திரும்பினார்.  கருவித் தலைவர் நாற்காலி, கதவு போட்ட அறை, குளிர்பதனப் பெட்டி மேல் கேடயம் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. முதலில் பரிசோதனைக் கூடத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் போன் போட்டார். "நேத்து எங்ககிட்டேர்ந்து வந்த மெயில் தப்பும்மா. கடவுச்சொல் எல்லாத்தையும் இப்பவே மாத்துங்க. வெளியாள் யாராவது உள்ள வந்திருக்காங்களான்னு பாருங்க." அப்புறம் எல்லாக் கணினியிலிருந்தும் காவலாளியை அழித்தார். ஆறிலிருந்து ஏழுக்கு ஏற்றத் தொடங்கினார்.

பலகையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. வரவேற்புப் பெண் வேலை பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். சுவர் முழுக்கச் சிவந்து முடிந்த வேளையில் தலைமை அலுவலகத்தின் அம்மாள் உள்ளே வந்தார், கூடவே அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் ஒருவர். வரவேற்க ஓடிவந்த சிக்னல் பலகையைப் பார்த்துக் கையிலிருந்த பூங்கொத்தை வரவேற்புப் பெண்ணிடமே கொடுத்துவிட்டார்.

"எப்பவும் பச்சைன்னு சொன்னீங்களே?" என்றார் அந்த அம்மாள்.

புதுசைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். மறுபடியும் அவர் நிற்க, எல்லாரும் பார்க்க.

"என்ன நடக்குது இங்க?"

"அப்டேட் பண்ணிட்டிருக்கேன் மேடம்."

"ரெண்டு வருஷமா அப்டேட் பண்ணிட்டுத்தானே இருக்கீங்க? இன்னிக்கு மட்டும் ஏன் சிவப்பு?"

"இல்ல மேடம். இன்னிக்குத்தான் முதல் தடவையாப் பண்றேன்."

 அந்த அம்மாள் சிரித்தார். கூட வந்த தலையாட்டியும் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று அவசரமும் கைதட்டினார். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் சிக்னல். புதுசு மட்டும் சிரிக்கவில்லை. "நிஜமாத்தான் மேடம்" என்று அவர் மறுபடி சொன்னபோது அவர்கள் காபி சாப்பிட நகர்ந்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆவதற்குள் எல்லாக் கணினியும் பன்னிரண்டைத் தொட்டன. பலகை பச்சைக்குத் திரும்பியது. காலையில் காட்டிய அதே நம்பர், அதே பச்சை, பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பரிசோதனைக் கூடத்துப் பெண் போன் செய்து, "யாரும் உள்ள வந்த தடயம் இல்ல சார், எல்லாம் மாத்திட்டோம்," என்றாள். புதுசு கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டு, நன்றாக அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பிறகு நடந்ததுதான் நியாயம் என்று ஆபீசில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். இரண்டு வருஷப் பொய்க்கு அவருக்கு ஒரு தண்டனையும் இல்லை, ஏனென்றால் அப்படி ஒன்று நடந்ததை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அரை நாள் உண்மைக்குத்தான் தண்டனை. அந்த வருஷ மதிப்பீட்டில், "முக்கியமான நாளில் கவனக்குறைவு. பலகையைப் பராமரிப்பதில் திறமை குறைந்து வருகிறது" என்று எழுதினார்கள். சிக்னல் ஒரு நாள் அவர் நாற்காலி அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "முன்னாடி ஏதோ ஒண்ணு போட்டு வச்சிருந்தீங்களே, அதைத் திரும்பப் போட்டுடுங்களேன்," என்றார்.

"அழிச்சுட்டேன் சார்."

"மறுபடி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?"

கால் மணி நேரம்கூட ஆகாது. கண்ணை மூடிக்கொண்டே எழுதுவார். "அதெல்லாம் எனக்கு எழுத வராது சார்," என்றார். சிக்னல் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். இப்போதெல்லாம் மாதத்துக்கு இரண்டு தடவை, புதுப் பதிப்பு ஏறுகிற நேரத்துக்குப் பலகை சிவக்கும். போன் வரும். "ஏறிட்டிருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் புதுசு வைத்துவிடுவார்.

கருவித் தலைவர் பதவி வேறொரு கிளைக்காரருக்குப் போயிற்று. அந்தக் கிளையிலும் இதே லாரி, இதே மாதிரி ஒரு பலகை. அந்தப் பலகை அன்றும் பச்சை, அதற்கு முந்தின வருஷமும் பச்சை, ஒரு நாளும் மாறாத பச்சை. புதுசுக்கு வயிறு எரிந்தது. சொல்லப்போனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் யாரிடமும் கேடயத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

பதவியேற்ற புதுத் தலைவர் ஒரு நாள் மத்தியானம் அவரைப் போனில் கூப்பிட்டார். வாழ்த்துக்கு நன்றி, உங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றெல்லாம் சுற்றி வளைத்தார். அப்புறம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"சார், உங்ககிட்ட மட்டும் கேக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஆறுலேர்ந்து ஏழுக்குப் போகும்போது அந்த அமைப்புக் கோப்புல என்ன மாத்தினீங்க?"

 புதுசுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்து, எது முதலில் வெளியே போவது என்று தெரியாமல் நின்றன.

"ரெண்டே வரிதான் சார். சொல்றேன்."

"மாத்தினா எங்க போர்டு சிவக்குமே?"

"சிவக்கும். அரை நாள்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "இன்னிக்குத் தலைமை அலுவலகத்துலேர்ந்து ஆள் வர்றாங்க சார். அடுத்த வாரம் பண்ணிடறேன்."

"போனை வச்சுடாதீங்க," என்றார் புதுசு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கோப்பைத் திறங்க. நான் லைன்லயே இருக்கேன்."